சர்க்கரைவள்ளிக்கு உப்பு போட்டது யார்?

நவம்பர் மாசம் நாலாவது வியாழக்கிழமை நெருங்கிடுச்சுன்னா, அமெரிக்காவில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் வாசல் பக்கத்திலேயே ஒரு குவியல் இருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதுக்குப் பக்கத்திலேயே, யாரோ கணக்குப் போட்டு வச்ச மாதிரி, மார்ஷ்மெல்லோ பாக்கெட்டுகள். (கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்காங்க. அந்தக் கணக்கை 1917-இல் போட்டாங்க. அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழிச்சு வர்றேன்.)

தேங்க்ஸ்கிவிங் விருந்தில் இந்த ரெண்டையும் சேர்த்து ஒரு ஐட்டம் கண்டிப்பா இருக்கும். கிழங்கை அவிச்சு மசிச்சு, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பட்டைப்பொடி எல்லாம் போட்டு, மேலே வெள்ளை வெளேர்னு மார்ஷ்மெல்லோவை அடுக்கி, ஓவனில் வச்சு சிவக்க எடுப்பாங்க. இதை சாப்பாடு முடிஞ்சு இனிப்பாக் கொடுத்தாலாவது புரியும். வான்கோழிக் கறியோட தொட்டுக்கக் கொடுப்பாங்க! முதல் தடவை பார்க்கிற நம்ம ஆளுங்களுக்கு வர்ற சந்தேகம் ஒண்ணேதான்: இது கூட்டா, பாயசமா? :-)

அதனால நம்ம பசங்க என்ன பண்ணுவாங்க? பாட்லக்குக்கு அதே கிழங்கை வாங்கி, உப்பு, காரம் போட்டு, கடுகு கறிவேப்பிலை தாளிச்சுக் கொண்டு போவாங்க. உடனே அங்கே இருக்கிறவங்க "ஓ, இந்தியன் ஸ்டைல்! புதுசா இருக்கே!"ன்னு சொல்வாங்க. நம்மாளும் "ஆமா ஆமா"ன்னு பெருமையாத் தலையாட்டிட்டு வந்துருவார். அந்தத் தலையாட்டல் எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. தாளிப்பு நம்முது, அதில் சந்தேகமே இல்லை. ஆனா இந்தக் கிழங்குக்கு உப்புப் போடுறது புதுசா? அதை இந்த நாட்டில் முதல்ல செஞ்சது நாமளா? நிச்சயமா இல்லை. அந்த "புதுசா இருக்கே"வுக்குப் பின்னாடி சில பேரோட பெயர் காணாமப் போயிருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல கிழங்கு யாருன்னு பார்த்துடலாம். ஆங்கிலத்தில் 'ஸ்வீட் பொட்டேட்டோ'ன்னு சொல்றதால உருளைக்கிழங்குக்குச் சித்தப்பா பிள்ளைன்னு நினைச்சிடக் கூடாது. உருளைக்கிழங்கு கத்தரிக்காய், தக்காளிக் குடும்பம். சர்க்கரைவள்ளி ஐபோமியா வகை, அதாவது வேலியில் ஊதாப் பூ பூக்கிற காசரளைக்கும் குளத்தங்கரை வள்ளைக்கீரைக்கும் சொந்தம். பிறந்தது மத்திய, தென் அமெரிக்கப் பகுதியில். கொலம்பஸ் 1492-இல் கரீபியன் தீவுகளுக்கு வந்தபோது அங்கே இருந்த தைனோ மக்கள் இதை 'படாட்டா'ன்னு சொன்னாங்க. அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'பொட்டேட்டோ' ஆச்சு. ஆக, அந்தப் பேருக்கு முதல் சொந்தக்காரர் சர்க்கரைவள்ளிதான். உருளைக்கிழங்கு பின்னாடி வந்து பேரை எடுத்துக்கிச்சு. 1597-இல் ஜான் ஜெரார்ட் எழுதின பிரபலமான மூலிகை நூலில் வெறும் 'பொட்டேட்டோ'ன்னா சர்க்கரைவள்ளி. உருளையை 'வர்ஜீனியா பொட்டேட்டோ'ன்னு அடைமொழி போட்டுத்தான் சொல்றார்.

இந்தப் பேர் விஷயத்தில் நமக்கும் ஒரு சுவாரசியமான பங்கு இருக்கு. யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதை 'வத்தாளைக் கிழங்கு'ன்னு சொல்வாங்க. சிங்களத்தில் 'பத்தல'. போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்த அதே தைனோ 'படாட்டா'தான் அது. கரீபியன் தீவில் புறப்பட்ட ஒரு சொல் யாழ்ப்பாணத்து அடுப்படியில் இன்னும் உயிரோட இருக்குன்னு நினைச்சா ஆச்சரியமா இல்லை?

தமிழ்நாட்டில் வேற வழி. நமக்கு 'வள்ளி'ங்கிற கிழங்கு ஏற்கெனவே தெரியும். புறநானூற்றில் கபிலர் பாரியோட பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கிற நாலு விளைபொருளைச் சொல்றார் இல்லையா? அதில் வள்ளிக்கிழங்கும் ஒண்ணு. சில பேர் அதை சர்க்கரைவள்ளின்னு உரை சொல்றாங்க. அதுக்கு வாய்ப்பே இல்லை, ஏன்னா இந்தக் கிழங்கு இந்தியாவுக்கு வந்ததே போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான். கபிலரோட வள்ளி மலையில் கொடியாப் படர்கிற வேற கிழங்கு. பெருவள்ளி, சிறுவள்ளி, ராசவள்ளின்னு இன்னைக்கும் சொல்றோமே அந்த வகை. அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஒரு புதுக் கிழங்கு வந்தப்போ, "அட, இது இனிக்கிற வள்ளி"ன்னு சர்க்கரைவள்ளி ஆக்கிட்டோம். இன்னொண்ணு மரம் மாதிரி நிமிர்ந்து வளர்ந்துச்சு, அதை மரவள்ளி ஆக்கிட்டோம். புதுசைப் பார்த்ததும் பழசோட பேரைக் கொடுத்து வீட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டோம்.

இதே வேலையை அமெரிக்காவில் இன்னொரு கூட்டம் செஞ்சுது. ஆனா அவங்க சூழ்நிலையே வேற. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாப் பிடிச்சுக் கொண்டு வரப்பட்டவங்களுக்கும் ஊரில் ஒரு 'வள்ளி' இருந்தது. நம்ம பெருவள்ளியோட அதே இனம். அங்கே அது வெறும் காய்கறி கிடையாது, நமக்கு அரிசி மாதிரி. அவிச்சு, இடிச்சு, காரக் குழம்போட சாப்பிடுற சாப்பாடு. அந்தப் பகுதி மொழிகளில் 'ஞாம்', 'ஞாமி'ன்னா 'சாப்பிடு', 'உணவு'ன்னு பொருள். அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் 'யாம்' வந்தது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் அந்தக் கிழங்கு விளையலை. அதுக்குக் கிட்டத்தட்ட இருந்தது சர்க்கரைவள்ளி. அதை அவங்க 'யாம்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஊரும் போச்சு, மொழியும் போச்சு, பெத்தவங்க வச்ச பேரும் போச்சு. சாப்பாட்டோட பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு வந்தது.

இன்னைக்கும் கடையில் ஆரஞ்சு நிறக் கிழங்குக்கு 'யாம்'னு போர்டு இருக்கும். அது நிஜ யாம் கிடையாது, சர்க்கரைவள்ளிதான். 1930-களில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் மில்லர்ங்கிற ஆய்வாளர் ஈரப்பசையுள்ள ஆரஞ்சு ரகங்களை வளர்த்தெடுத்தார். கிழக்குக் கரையில் விளைஞ்ச வெளிர்நிற, மாவா இருக்கிற கிழங்குகளிலிருந்து வித்தியாசம் காட்ட, அந்த மாநிலத்துக்காரங்க தங்களோடதை 'யாம்'னு விளம்பரம் பண்ணி வித்தாங்க. மத்திய விவசாயத் துறை, "யாம்னு எழுதினா பக்கத்தில் ஸ்வீட் பொட்டேட்டோன்னும் எழுது"ன்னு விதி வச்சிருக்கு. அடிமைக் குடிசையில் பிறந்த பேர் கடைசியில் ஒரு வியாபார முத்திரையா ஆயிடுச்சு.

சரி, தேங்க்ஸ்கிவிங்குக்கு வருவோம். 1621-இல் பிளிமத் ஊரில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோவாக் பழங்குடி மக்களும் சேர்ந்து சாப்பிட்ட விருந்துதான் 'முதல் தேங்க்ஸ்கிவிங்'னு பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர்றாங்க. எட்வர்ட் வின்ஸ்லோ எழுதின கடிதத்தில் அந்த விருந்து பத்திக் கொஞ்சம் இருக்கு. வேட்டையாடின பறவைகள், மாசசாயிட் தலைவரோட சுமார் 90 பேர், அவங்க கொண்டு வந்த 5 மான். அவ்வளவுதான். அந்தப் பந்தியில் சர்க்கரைவள்ளியும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. அந்த வட்டாரத்தில் அப்போ ரெண்டுமே விளையலை. (அந்த மக்களோட வாரிசுகளுக்கு இந்த நாள் கொண்டாட்டமும் இல்லை. 1970 முதல் அதே பிளிமத்தில் துக்க நாளா அனுசரிக்கிறாங்க.)

அப்போ சர்க்கரைவள்ளி இந்தப் பந்திக்கு எப்படி வந்தது? தெற்கிலிருந்து வந்தது. அதுவும் நேரா வரலை, ஒரு சண்டையைத் தாண்டி வந்தது.

தேங்க்ஸ்கிவிங்கை நாடு முழுக்க விடுமுறை ஆக்கணும்னு வருஷக்கணக்கா எழுதிப் போராடினவர் சாரா ஜோசஃபா ஹேல்ங்கிற பத்திரிகை ஆசிரியர். நியூ ஹாம்ப்ஷயர்க்காரர், அதாவது வடக்கு. 1827-இல் வந்த அவரோட நாவலிலேயே வான்கோழியும் பூசணிப் பையுமா ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்து வருது. (பைன்னா தூக்குற பை இல்லைங்க, மாவு ஓட்டுக்குள்ள பூரணம் வச்சுச் சுடுற பை.) தெற்கில் இருந்த அடிமை முதலாளிகளுக்கு இந்தப் பண்டிகையே சந்தேகமா இருந்தது. வடக்கத்திப் பாதிரியார்கள் அன்னைக்கு மேடையேறி அடிமை முறையை எதிர்த்துப் பேசுறாங்கன்னு கோபம். 1856-இல் வர்ஜீனியா ஆளுநர் ஹென்றி வைஸ் தன் மாநிலத்தில் அறிவிக்க முடியாதுன்னு மறுத்தே விட்டார். 1863-இல், உள்நாட்டுப் போர் நடுவில், லிங்கன் நாடு முழுக்க அறிவிச்சார். போர் முடிஞ்சு ரொம்ப காலம் கழிச்சுத்தான் தெற்கு இதை முழுசா ஏத்துக்கிச்சு. ஏத்துக்கிட்டப்போ வடக்கத்திப் பூசணிக்குப் பக்கத்தில் தன் ஊர்க் கிழங்கையும் கொண்டு வந்து வச்சது.

அந்தத் தெற்கில் அதுக்கு முன்னாடி இந்தக் கிழங்கை எப்படிச் சமைச்சாங்க? இங்கேதான் நம்ம உப்பு வருது.

1824-இல் மேரி ராண்டால்ஃப் எழுதின 'தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்'ங்கிற சமையல் புத்தகம் வந்தது. அமெரிக்காவில் வந்த முக்கியமான ஆரம்பகாலச் சமையல் நூல்களில் ஒண்ணு. அதில் சர்க்கரைவள்ளிக்கு இனிப்புப் புட்டிங்கும் உண்டு, மறைக்கலை. ஆனா காய்கறிப் பகுதியில் ரெண்டு குறிப்பு இருக்கு பாருங்க, நான் அசந்துட்டேன். ஒண்ணு: கிழங்கை நீளவாக்கில் வெட்டிப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, அதுமேல அவிச்ச ஹாம், அதுமேல கோழித் துண்டுகள், மிளகு, உப்பு, ஒரு கட்டு வாசனை இலை, தண்ணீர் ஊத்தி மெதுவா வேக வைக்கணும். ரெண்டு: தோல் சீவாம அரை அங்குல வில்லையா வெட்டி, வாட்டி எடுத்து, உருக்கின வெண்ணெயோட பரிமாறணும். சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. 200 வருஷத்துக்கு முன்னாடி!

இப்போ ஒரு கேள்வி. புத்தகத்தில் இருக்கிறது மேரி ராண்டால்ஃப் பேர். அவர் வர்ஜீனியாவில் பெரிய தோட்ட முதலாளிக் குடும்பத்துப் பெண், ஜெஃபர்சனுக்குச் சொந்தம். அந்த மாதிரி வீடுகளில் அடுப்படியில் வெந்தது யார்? அடிமைப்பட்ட கறுப்பினச் சமையல்காரர்கள். வெண்டைக்காய், தட்டைப்பயறு எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கு. ரெண்டுமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர்கள். மிளகும் வாசனை இலையும் போட்டு, இறைச்சிக்கு அடியில் கிழங்கை வேக விட்டுக் குழம்பாக்குற அந்தக் கைப்பக்குவத்தில் அவங்க கை இருந்திருக்கும்னு நம்புறதுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பேர்தான் ஒருத்தரோடதும் கிடையாது.

அவங்க தங்களுக்காகச் சமைச்சது எப்படி? புக்கர் டி. வாஷிங்டன் 1901-இல் எழுதின சுயசரிதையில் ஒரு இடம் வருது. அவர் வர்ஜீனியாவில் அடிமையாப் பிறந்தவர். அவங்க குடிசையில் மண் தரை. நடுவில் பலகை போட்டு மூடின பெரிய குழி. குளிர்காலத்துக்கு முதலாளி வீட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேமிச்சு வைக்கிற குழி அது. கிழங்கை உள்ளே போடும்போதோ எடுக்கும்போதோ ஒண்ணு ரெண்டு தன் கைக்கு வந்துடும், அதைச் சுட்டு நல்லா ரசிச்சுச் சாப்பிடுவேன்னு எழுதறார். அவருக்கு வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகமே இல்லை. ஆனா அந்தச் சுட்ட கிழங்கு ஞாபகம் இருக்கு. அதுக்குச் சர்க்கரை யார் கொடுத்தா? கணப்புச் சாம்பலில் சுட்டது, அவ்வளவுதான்.

இதே புக்கர் டி. வாஷிங்டன் வளர்ந்து, அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்துக்குத் தலைவர் ஆனார். 1896-இல் அங்கே ஒரு விவசாய விஞ்ஞானியை வேலைக்குக் கூப்பிட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நமக்கெல்லாம் வேர்க்கடலை விஞ்ஞானின்னு தெரியும். ஆனா சர்க்கரைவள்ளி மேலயும் அவருக்கு அவ்வளவு ஆசை. 1898-லேயே அதைப் பத்தி ஒரு ஆய்வு வெளியீடு போட்டார். பின்னாடி, கிழங்கை எப்படிப் பாதுகாக்கிறது, எப்படிச் சமைக்கிறதுன்னு ஏழை விவசாயிகளுக்காக இன்னொரு வெளியீடும் போட்டார். அதில் சாம்பலில் சுடுற முறையை அக்கறையாச் சொல்லித் தர்றார்: நாலு அங்குலம் வெதுவெதுப்பான சாம்பல், அதுமேல தணல், குறைஞ்சது ரெண்டு மணி நேரம். அப்புறம் மெல்லிய பிரஷால் சாம்பலைத் தட்டிட்டு வெண்ணெயோட சூடாச் சாப்பிடு. குடிசைக் குழியில் திருடித் தின்ன கிழங்கு, ரெண்டு தலைமுறையில் கல்லூரி வெளியீட்டுக்கு வந்துடுச்சு.

இன்னொரு பேரையும் சொல்லணும். ஆபி ஃபிஷர். தெற்கில் அடிமைத்தனத்தில் பிறந்து, விடுதலைக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ போய் ஊறுகாய், ஜாம் வியாபாரம் பண்ணி, கண்காட்சியில் பதக்கம் வாங்கினவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதி 1881-இல் புத்தகமா வந்தது. கறுப்பினப் பெண் ஒருத்தர் பேரில் வந்த ஆரம்பகாலச் சமையல் நூல்களில் ஒண்ணு அது. (அதுக்கும் முன்னாடி 1866-இல் மலிண்டா ரஸ்ஸல் புத்தகம் வந்திருக்கு.) ஃபிஷரோட சர்க்கரைவள்ளிப் பையில் ஆரஞ்சுச் சாறும் துருவின தோலும் சேருது. அளவெல்லாம் சொல்லிட்டு, இனிப்பு மட்டும் "உங்க ருசிக்கு"ன்னு விட்டுடறார். இனிப்புப் பண்டத்திலேயே அவ்வளவு நிதானம்!

அப்போ இந்தச் சர்க்கரை மழை எப்போ ஆரம்பிச்சுது? 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சுத்திகரிச்ச வெள்ளைச் சர்க்கரை விலை இறங்கிக்கிட்டே வந்தது. பணக்கார வீட்டில் பூட்டி வச்சிருந்த பொருள் எல்லா வீட்டுக்கும் வந்தாச்சு. 1896-இல் வந்த ஃபேனி ஃபார்மரோட புகழ்பெற்ற பாஸ்டன் சமையல் புத்தகத்தைப் பார்த்தா ஒரு நாற்சந்தியில் நிக்கிற மாதிரி இருக்கும். 'தெற்கத்தி முறை'ன்னு ஒண்ணு: சுட்ட கிழங்கைக் குடைஞ்சு மசிச்சு, வெண்ணெய், க்ரீம், உப்பு, கொஞ்சம் ஷெர்ரி ஒயின் சேர்த்து, தோலுக்குள்ளேயே திரும்ப அடைச்சுச் சுடுறது. பக்கத்திலேயே இன்னொண்ணு: சர்க்கரைப் பாகு காய்ச்சித் தடவி மினுமினுன்னு எடுக்கிறது. உப்பும் பாகும் ஒரே பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு.

அப்புறம் வந்தது அந்த 1917. மார்ஷ்மெல்லோ ஒரு காலத்தில் கையால் செய்யற விலை உயர்ந்த மிட்டாய். இயந்திரம் வந்து மலிவாக் குவிஞ்சதும், இதை எப்படித்தான் வீட்டுச் சமையலுக்குள்ள நுழைக்கிறதுன்னு கம்பெனிகள் யோசிச்சுது. 'ஏஞ்சலஸ்'ங்கிற மார்ஷ்மெல்லோவைத் தயாரிச்ச சிகாகோ நிறுவனம் (கிராக்கர் ஜாக் பொரி தயாரிச்ச அதே கம்பெனி), ஜேனட் மெக்கென்சி ஹில்ங்கிற பிரபல சமையல் ஆசிரியரைக் கூப்பிட்டு ஒரு குறிப்புப் புத்தகம் எழுத வச்சுது. அதில் ஒரு குறிப்புதான் மசிச்ச சர்க்கரைவள்ளி, மேலே மார்ஷ்மெல்லோ. அச்சில் நமக்குத் தெரிஞ்ச முதல் வடிவம் அதுதான். நூறு வருஷத்துக்குச் சற்று அதிகமான ஒரு விளம்பரம், இன்னைக்கு 'பாட்டி காலத்துப் பாரம்பரியம்' ஆயிடுச்சு. நம்ம ஊரில் ஹார்லிக்ஸ் காய்ச்சல்காரங்களுக்கான பாரம்பரிய உணவான மாதிரின்னு வச்சுக்கோங்களேன் ;-)

மார்ஷ்மெல்லோ பிடிச்சவங்க யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ருசி அவங்கவங்க இஷ்டம். எனக்கும் ஒரு கரண்டி வரைக்கும் பிடிக்கும். நான் சொல்ல வர்றது இதுதான்: கம்பெனி புத்தகத்தில் வந்த இனிப்புக்கு 'அமெரிக்கப் பாரம்பரியம்'னு பேர் கிடைச்சிருச்சு. சாம்பலில் சுட்டவங்க, மிளகும் உப்பும் போட்டு வேக வச்சவங்க, அவங்க சமையல் மட்டும் யாரோ வெளியூர்க்காரன் கொண்டு வந்த புதுமை மாதிரித் தெரியுது. நாம அதுக்குத் தலையாட்டினா, நமக்குச் சேராத பாராட்டை வாங்கிக்கிறோம். அது சேர வேண்டியவங்களோட பேரப் பிள்ளைகள் பல நேரம் அதே அறையில் தட்டோட நின்னுக்கிட்டு இருப்பாங்க.

ரால்ஃப் எல்லிசனோட 'இன்விசிபிள் மேன்' (1952) நாவலில் ஒரு காட்சி உண்டு. தெற்கிலிருந்து நியூயார்க் வந்த கறுப்பின இளைஞன். பட்டிக்காட்டான்னு யாரும் நினைச்சிடக் கூடாதேன்னு பயந்து பயந்து வாழ்றவன். ஹார்லெம் தெருவில் ஒரு வண்டிக்காரரிடம் சுட்ட கிழங்கு வாங்கி, வெண்ணெய் வழிய வழிய நடுத்தெருவில் நின்னு சாப்பிடுறான். ஊர்ச் சாப்பாட்டை ஒளிச்சு வைக்க வேண்டியதில்லைன்னு அவனுக்குத் தோணுற இடம் அது. டிஃபன் பாக்ஸைத் திறக்கும்போது யாராவது மூக்கைச் சுளிப்பாங்களோன்னு ஒரு தடவையாவது தயங்கின நம்ம எல்லாருக்கும் அந்தக் காட்சி புரியும்.

நான் இருக்கிறது வட கரோலினா. அமெரிக்காவில் விளையற சர்க்கரைவள்ளியில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாநிலம்தான். 1971-இலிருந்து முதலிடம். 1995-இல் மாநிலக் காய்கறியாவே அறிவிச்சுட்டாங்க, அதுக்கு மனு போட்டது வில்சன் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ராலேயிலிருந்து கிழக்கே போனா செப்டம்பர், அக்டோபரில் அறுவடை நடக்கும். டிராக்டர் மண்ணைப் புரட்டிப் போடும், ஆனா கிழங்கு தோல் ரொம்ப மெல்லிசு, அதனால பொறுக்குறது பெரும்பாலும் மனுஷக் கைதான். அந்தக் கைகள் இப்போ பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பருவ விசாவில் வர்றவங்களோடது. கடை வாசலில் இருக்கிற அந்தக் குவியலில் அவங்க பேரும் கிடையாது.

சரி, இவ்வளவு கதை சொல்லிட்டு வெறும் கையோட அனுப்பக் கூடாது. மேரி ராண்டால்ஃப் புத்தகத்து வாட்டின வில்லையை அடிப்படையா வச்சு நான் பண்றது இதோ. நாலு பேருக்கு.

செய்முறைக்கு முன்னாடி ஒரு சின்ன அறிவியல். கிழங்கு ஏன் சுடச் சுட இனிக்குது? அதுக்குள்ள ஒரு நொதி இருக்கு. சுமார் 60-இலிருந்து 75 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அது மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையா மாத்தும். முழுக் கிழங்கை மெதுவாச் சுட்டா உள்பக்கம் அந்தச் சூட்டில் ரொம்ப நேரம் இருக்கும், தேன் மாதிரி ஆயிடும். கார்வர் ரெண்டு மணி நேரம் கேட்டதோட ரகசியம் இதுதான். நமக்கு உப்புக்காரம் வேணும், அதனால தலைகீழாச் செய்யணும்: மெல்லிசா வெட்டி, அதிகச் சூட்டில், சீக்கிரமா. நொதிக்கு வேலை செய்ய நேரமே கொடுக்கக் கூடாது.

வேண்டியவை: நடுத்தரக் கிழங்கு 3. ஆசியக் கடையிலோ லத்தீன் கடையிலோ ஊதாத் தோல், வெள்ளைச் சதை உள்ளது கிடைச்சா அதுவே உசத்தி, நம்ம ஊர்க் கிழங்கு மாதிரி மாவா இருக்கும். எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, ஒண்ணுரெண்டா இடிச்ச மிளகு 1 தேக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி. தாளிக்க வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ஞ்ச மிளகாய் 2, கறிவேப்பிலை.

ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முதல்லயே சூடு பண்ணிடுங்க. கிழங்கை நல்லாத் தேய்ச்சுக் கழுவி, தோலோடயே அரை அங்குல வில்லையா வெட்டி, ஈரம் போகத் துடைச்சு, எண்ணெய், உப்பு, மிளகு பிசறுங்க. தட்டில் ஒண்ணுமேல ஒண்ணு படாமப் பரப்புங்க. நெருக்கமா வச்சா ஆவியில் வெந்து கொழகொழன்னு ஆயிடும். 12 நிமிஷத்தில் திருப்பிப் போட்டு, இன்னொரு 10, 12 நிமிஷம். ஓரம் கருகக் கருக இருக்கும்போது எடுத்து, எலுமிச்சை பிழிஞ்சு, வெண்ணெயில் தாளிச்சதை மேலே கொட்டுங்க. கார்வர் ஞாபகமா வறுத்த வேர்க்கடலையை நொறுக்கிப் போடலாம். ஆனா இங்கே நிறைய பேருக்கு கடலை அலர்ஜி இருக்கு, அதனால தனிக் கிண்ணத்தில் வைங்க.

கிழங்கை முன்கூட்டியே வாங்கி ஃபிரிட்ஜில் வச்சிடாதீங்க. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனா அதுக்கு அடிபட்டுடும். நடுவில் கட்டையாகி எவ்வளவு வேக வச்சாலும் வேகாது. சமையலறையில் இருட்டான மூலை போதும். புக்கர் வாஷிங்டன் வீட்டுக் குழியும் அதுக்காகத்தான் இருந்தது.

பாட்லக்கில் யாராவது "புதுசா இருக்கே"ன்னு கேட்டா, "தாளிப்பு எங்க ஊரு, உப்புப் போட்ட கிழங்கு உங்க ஊரு, 1824-லேயே புத்தகத்தில் இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. கூடவே ஆபி ஃபிஷர் பேரையும் கார்வர் பேரையும் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும், தட்டு காலியாகிறதுக்குள்ள முடிஞ்சிடும்.

எல்லாருக்கும் தேங்க்ஸ்கிவிங் வாழ்த்துகள். வர்ட்டா? கிழங்கு வெட்டணும் :-)